ஏகமனதாக

பாலைமுறிப்புக் குளத்துக் கமக்கார அமைப்பின்
கூட்டக் குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது.
நீல மட்டை. முதல் முப்பது பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது.
ஆகவே எங்கள் ஆட்சி தொடங்குவது
முப்பத்தோராம் பக்கத்தில்,
ஒரு வசனத்தின் நடுவில்:
"…எனவும், மீறுவோர் தண்டப்பணம் கட்டவேண்டும் எனவும்
ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

எதை மீறுவோர்? ஆர் தீர்மானித்தது?
கறையானுக்குத் தெரியும்.

இந்தக் காட்டை ஆண்டவர்கள்
முன்னொரு காலம் யானையைத் திறையாகக் கேட்டார்களாம்.
பிடித்துக் கொடுத்தவனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை,
யானையின் உயரம் இருக்கிறது.
பிறகு வந்தவர்கள் மாடு எண்ணினார்கள், தென்னை எண்ணினார்கள்,
அதற்குப் பிறகு எங்களை எண்ணினார்கள்,
வரிசையில் நிற்கவைத்து, இரண்டு தரம்.
என் இரண்டேக்கருக்கு மூன்று கடதாசி வைத்திருக்கிறேன்.
மூன்று முத்திரை.
ஒன்றைக் காட்டும் இடத்தில் மற்றதை ஒளிக்கவேண்டும்.
எந்தக் காலத்தில் எதை ஒளிப்பது என்று தெரிந்திருப்பதற்கு
எங்கள் ஊரில் குடியுரிமை என்று பெயர்.

குறிப்பேட்டில் இல்லாத ஓர் இரவு உண்டு.

மார்கழி. மூன்று நாள் விடாத மழை.
வான் பாய்ந்தும் போதாமல்
கட்டின் கிழக்கு மூலையில்
நண்டுவளை அளவில் ஒரு கசிவு.
கண்டவள் இராசமலர்,
எருமையைத் தேடி வந்த இடத்தில்.
கையில் ரோச், தலையில் உரப்பை.
கூலிக்கு நாற்று நடுகிறவள்.
குளத்தின் கீழ் ஒரு பரப்பும் இல்லை,
கூட்டத்தில் கதிரையும் இல்லை.

"குணசிங்கம், உழவு மெசினைக் கொண்டா!
ஐயர், கோயில் கதவைக் கழட்டுங்கோ!
விதானையார், நிண்டு பாராதையுங்கோ, மண் வெட்டுங்கோ!"

வட்டவிதானையார் மண் வெட்டினார்.
பிள்ளையாரின் கதவு சேற்றுக்குள் இறங்கியது.
ஒருவரும் அவளிடம்
நீ ஆர் சொல்ல என்று கேட்கவில்லை.
அந்தக் கேள்விக்கு நேரம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை.
நேரம் கிடைத்ததும் கேட்டோம்.

விடிந்தது. கட்டு நின்றது.
பிளேன்ரீ வந்தது.
முதல் கோப்பையை விதானையாரிடம் நீட்டினார்கள்.
அவரும் வாங்கினார்.
கடைசிக் கல்லுக்கும் அந்தக் கோப்பைக்கும் இடையில்
அதிகாரம் எந்த வாய்க்காலால் இறங்கிப்போனது?
நானும் அங்கேதான் நின்றேன்.
சீனி போதுமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த வருடம் சிறுபோகக் கூட்டம்.
குளத்தில் பதினோரடி.
நூற்றிருபது ஏக்கரில் நாற்பதுக்குத்தான் நீர்.
உறுதி உள்ள அளவுக்கே பங்கு என்று பிரேரணை.
பின்னால், மாமரத்தடியில், அவள் எழும்பினாள்:
"அண்டைக்குக் கட்டு உடைஞ்சிருந்தால்
எந்த உறுதிக்குத் தண்ணி?"

ஆதரவாக முப்பத்துநான்கு கை.
எதிராக இருபத்தொன்பது.
பதிவில் உறுப்பினர் அறுபத்திரண்டு பேர்,
ஒருவர்கூட வராமல் விடவில்லை.
நான் கூட்டினால் அறுபத்துமூன்று.

"அந்தக் கையை வெட்டிவிடுங்கோ" என்றார் உத்தியோகத்தர்.
கணக்கிலிருந்து என்றுதான் சொன்னார், நல்ல மனிசன்.
ஆனாலும் இரண்டு பேர் கைகளை மடக்கி
மடிக்குள் வைத்துக்கொண்டார்கள்.

பிரேரணை நிறைவேறியது.
இராசமலருக்குத் தண்ணீர் இல்லை.
நான் எதிர்ப்பு இருபத்தொன்பது என்று எழுதினேன்,
இலக்கத்திலும் எழுத்திலும்,
காசோலையில் எழுதுகிறமாதிரி.
வழக்கமான அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில்
பேனையை மூடினேன்.

குறிப்பேட்டை இப்போது
தகரப்பெட்டியில் வைக்கிறேன்.